இணையதளத்திற்கு இடம் பிடிக்கும் முன்

விதை வாங்கும்போது பையில் நீல நிறச் சான்றட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். நிலம் வாங்கும் முன் வில்லங்கச் சான்று எடுக்கிறோம். கறவை மாடு பிடிக்கப் புதன்சந்தைக்குப் போனால் பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டு, நாலடி நடக்கவிட்டுப் பார்த்த பிறகே துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கிறோம். ஆனால் விளைபொருளை நேரடியாக விற்பதற்கு இணையதளம் தொடங்கும் உழவர்கள், அந்தத் தளத்தை யாரிடம் வைக்கிறோம், என்ன நிபந்தனையில் வைக்கிறோம் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. "தெரிந்த பையன் செய்து கொடுத்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பழ ஈக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்காக வாழப்பாடிப் பக்கம் சென்றிருந்தேன். அங்கே ஓர் உழவர் குழு மல்கோவா, இமாம்பசந்த் பழங்களைப் பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வீடு வீடாக அனுப்பி வந்தது. நகரத்துக் கணினிக் கடை ஒன்று அவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்திருந்தது. ஆண்டுதோறும் கடைக்காரரிடம் பணம் கட்டி வந்தார்கள். தளத்தின் பெயரைப் பெட்டியிலும் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். சித்திரைக் கடைசியில், பழம் முழுவீச்சில் வரும் வாரத்தில், தளம் திறக்கவில்லை. கடையைத் தேடிப் போனால் பூட்டியிருந்தது. கடைக்காரர் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். தளத்தின் பெயர் அவருடைய சொந்த மின்னஞ்சலில் அவருக்கென்றே பதிவாகியிருந்தது. புதுப்பிக்க எவருமில்லாமல் அது காலாவதியானது. பழம் காத்திருக்குமா? பாதிக்கு மேல் மண்டிக்கு, மண்டி சொன்ன விலைக்குப் போயிற்று. சில மாதங்கள் கழித்து அதே பெயரைத் தட்டினால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வந்தது. வீட்டில் பழைய பெட்டி வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போனில் கேட்ட கேள்வியைக் குழுச் செயலாளர் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தளம் தொடங்குங்கள் என்று அவர்களை ஊக்கியவர்களில் நானும் ஒருவன். "யார் பெயரில் பதிந்தீர்கள்?" என்று கேட்காமல் விட்டவனும் நானே.

நான் கணினிப் பொறியாளன் அல்லன், உழவியல் ஆசிரியன். அதன் பிறகு விசாரித்தும், எங்கள் பயிற்சிக்கு வரும் குழுக்களின் தளங்களோடு மல்லுக்கட்டியும் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

தளம் வேண்டுமா?

முதலில் ஒரு சொல். ஐம்பது வீடுகளுக்கு மாதம் நூறு கிலோ நாட்டுச் சர்க்கரை அனுப்புகிறவருக்கு இணையதளம் வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் பொருட்பட்டியலும், கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தின் குறிப்பும் போதும், இரண்டும் இலவசம். ஆனால் இவை பிறர் வீட்டுத் திண்ணை. கணக்கு முடக்கப்பட்டால் கேட்க ஆளில்லை. பல உழவர்கள் சேர்ந்து, பெயர் அச்சடித்த பையிலோ பெட்டியிலோ பொருள் விற்கத் தொடங்கி, வெளியூர் வாங்குவோர் பெயரை நினைவில் வைத்துத் தேடி வரும் நிலை வந்தால், அப்போது சொந்தத் தளம் தேவை.

மூன்று பொருள், மூன்று ஆள்

இணையதளம் என்று ஒரே சொல்லால் சொல்வதில் மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, டொமைன் எனப்படும் தளப் பெயர். இரண்டு, ஹோஸ்டிங் எனப்படும் இடம்; அதாவது இரவு பகலாக இணையத்தில் இணைந்திருக்கும் சர்வர் என்னும் கணினியில் உங்கள் பக்கங்களும் படங்களும் தங்குவதற்கு வாடகைக்கு எடுக்கும் பகுதி. மூன்று, தளத்தை வடிவமைத்துக் கட்டித் தரும் வேலை.

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் அமைந்தது. ஆலைக்காரர் மூட்டைகளைச் சங்கத்துக் கிடங்கில் வைத்து ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்கிறார். கிடங்கு அவருடையது அன்று. ஆனால் மூட்டை யாருடையது என்பதில் ஐயம் எழுவதில்லை, ஏனெனில் ரசீது அவர் கையில் இருக்கிறது. இணையதளத்திலும் இவ்வாறே இருத்தல் வேண்டும். இடம் பிறருடையது. பெயரும் சரக்கும் உங்களுடையவை. வாழப்பாடிப் பக்கத்துக் குழுவில் மூன்றும் ஒரே ஆளிடம், அவர் பெயரிலேயே இருந்தன. அவர் ஏமாற்றவில்லை என்றே நான் நம்புகிறேன். போனார், அவ்வளவுதான். நல்லவரை நம்பியும் நட்டப்படலாம் என்பதை இதில் கவனிக்க வேண்டும். ஆகவே இடம் கொடுப்பவரை எடைபோட நான் கேட்கும் முதற்கேள்வி, "இவரை விட்டு நாளைக்கே விலகினால் என் பொருளை முழுதாக எடுத்துக்கொண்டு போக முடியுமா?" என்பது. விலை, வேகம், விளம்பரம் எல்லாம் அதற்குப் பின்.

பெயர் யாருடையது?

தளப் பெயரைப் பட்டாவோடு ஒப்பிடலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: பெயரை அடியோடு விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டும் வரையில்தான் உரிமை. ஒரே தடவையில் அதிகமாகப் பத்து ஆண்டுகளுக்குப் பதியலாம். டாட் இன் என்று முடியும் பெயர்களுக்கான பதிவேட்டை நிக்சி என்னும் லாப நோக்கற்ற இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. 2005 முதல் இப்பெயர்கள் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. நிக்சி நேரடியாக விற்பதில்லை, அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் வழியே விற்கிறது. டாட் காம் போன்றவற்றின் விதிகளை ஐகான் என்னும் உலக அமைப்பு வகுக்கிறது. டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே பெயர் பதியவும் வழி உண்டு. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். எனினும் மின்னஞ்சல் போன்றவற்றில் சில இடங்களில் சிக்கல் தருவதால், அதனோடு ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பதியும்போது உரிமையாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரோ வர வேண்டும். வடிவமைப்பாளர் பெயர் வரலாகாது. பதிவுக் கணக்கின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்கள் வசம் இருத்தல் வேண்டும். குழுவாக இருந்தால் தனியாள் எண்ணைக் கொடுக்காமல் அலுவலகத்திற்கென்று ஓர் எண் வாங்கிக் கொடுப்பது நல்லது. செயலாளர் மாறினால் கடவுக்குறி முந்தைய செயலாளரின் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம் வேறு.

ஏற்கெனவே தளம் வைத்திருப்போர் உடனே சோதிக்கலாம். ஹூஇஸ் என்னும் பொதுப் பதிவேட்டில் தளப் பெயரைக் கொடுத்தால், அது எந்தப் பதிவாளரிடம் உள்ளது, என்று பதியப்பட்டது, என்று காலாவதியாகும் என்பவை தெரியும். கட்டணம் இல்லை. உரிமையாளர் பெயர் இப்போதெல்லாம் அதில் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே பதிவாளர் கணக்கிற்குள் நுழைந்து நேரில் பார்ப்பதே சரி. நுழைய உங்களிடம் கடவுச்சொல் இல்லை என்றால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

டாட் காம் பெயரின் காலம் முடிந்ததும் உடனே போய்விடாது. பதிவாளரைப் பொறுத்துச் சில நாட்கள் முதல் 45 நாட்கள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடமிருக்கும். பதிவாளர் பெயரை நீக்கியபின் 30 நாட்கள் மீட்புக் காலம். இதில் மீட்கத் தனிக் கட்டணம், அதுவும் பெரிய கட்டணம். அதன் பின் ஐந்து நாட்கள் கழித்துப் பெயர் எவருக்கும் கிடைக்கும் நிலைக்கு வரும். பழைய பெயர்களை எடுத்து விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் காத்திருக்கிறார்கள். காலாவதிக்கு முன் ஏறத்தாழ ஒரு மாதத்திலும் ஒரு வாரத்திலும் நினைவூட்டு அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. நினைவூட்டு போகத்தான் செய்யும், யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது என்பதில்தான் விஷயம்.

வங்கி அட்டையில் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிப் பிடித்தம் பலருக்குத் தவறிப்போனது. நாட்காட்டியில் குறித்து வைத்து நீங்களே கட்டுங்கள்.

பங்குக் கிணறும் தனிக் கிணறும்

இனி இடத்தைப் பற்றிக் காண்போம். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பங்குக் கிணறு. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பங்காளி ஒருவர் முறை மீறி மோட்டாரை ஓட்டினால் உங்கள் வயலுக்குத் தண்ணீர் குறைவது போல, பக்கத்துத் தளத்திற்குக் கூட்டம் வந்தால் உங்கள் தளம் மெதுவாகும். விபிஎஸ் என்பது தனி ஆழ்துளைக் கிணறு போன்றது. உங்கள் பங்கு உங்களுக்கு மட்டும். ஆனால் மோட்டார் பழுதானால் நீங்களே பார்க்க வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். சிறு உழவர் குழுவிற்குப் பங்குக் கிணறே போதும். பங்காளிகளை ஒழுங்காக நடத்தும் நிறுவனமா என்பதுதான் கேள்வி.

எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கிடத் தெரியாததால்தான் "அளவற்ற இடம், அளவற்ற போக்குவரத்து" என்ற விளம்பரத்தில் விழுகிறோம். கைப்பேசியில் எடுத்த மாம்பழப் படம் ஒன்று ஏறத்தாழ 4 எம்.பி. இருக்கும். பத்துப் படம் வைத்தால் பக்கம் 40 எம்.பி. மாதம் 3,000 பேர் பார்த்தால் 120 ஜி.பி. போக்குவரத்து. அதே படங்களைத் தலா 200 கே.பி. அளவிற்குச் சுருக்கினால் பக்கம் 2 எம்.பி.; மாதத்திற்கு 6 ஜி.பி. போதும். பேருந்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் படம் உடனே திறக்கும். சர்வர் மும்பையிலா அமெரிக்காவிலா என்று பலர் கவலைப்படுகிறார்கள். இந்தியாவில் இருப்பது நல்லதுதான். அமெரிக்காவிற்கு ஒரு தகவல் போய்த் திரும்ப ஏறத்தாழ கால் நொடி ஆகும். ஆனால் சுருக்காத படத்தால் வீணாகும் நேரத்தின் முன் அது ஒன்றுமில்லை.

"அளவற்ற" என்பதற்கும் அளவு உண்டு. நிபந்தனைகளின் நடுவில் "நியாயமான பயன்பாடு" என்றொரு வரியும், கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் இருக்கும். அளவைத் தெளிவாகச் சொல்லி விற்பவரையே நான் விரும்புவேன். பிரித்து எடைபோட்ட மூட்டைக்கும் கண்மதிப்பு மூட்டைக்கும் உள்ள வேறுபாடு இது.

"99.9 விழுக்காடு நேரம் தளம் இயங்கும்" என்ற உறுதிமொழியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாளில் 0.1 விழுக்காடு என்பது 43 நிமிடம். 99 விழுக்காடு என்றால் 7 மணி 12 நிமிடம். ஒரு புள்ளியில் இவ்வளவு வேறுபாடு. இத்தனைக்கும், உறுதிமொழி தவறினால் வழக்கமாகத் தருவது வாடகையில் ஒரு பகுதிக் கழிவு மட்டுமே. அன்று விற்காமல் அழுகிய பழத்திற்கு ஈடு எதுவும் அதில் இல்லை.

தீயும் வெள்ளமும்

சர்வர் ஆகாயத்தில் இல்லை. அது ஒரு கட்டடத்தில், மின்சாரத்திலும் குளிரூட்டியிலும் ஓடும் இயந்திரம். கட்டடத்திற்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேரும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான ஓவிஎச் கிளவுடின் தரவு மையத்தில் நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பல இலட்சம் தளங்கள் நின்றன. நகல் வேறிடத்தில் இருந்தவர்கள் மீண்டார்கள். நகலும் அதே வளாகத்தில் இருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி டிரைவ் என்னும் சேமிப்பு முழுதும் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளி நகலே எடுக்கப்படவில்லையாம். பணமும் ஆளும் உள்ள அரசுக்கே இந்த நிலை.

நம் பக்கம் தீயைவிட வெள்ளமும் புயலும் அருகில் உள்ளவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பர் வர்தா புயலிலும் சென்னையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல நாட்கள் தடுமாறின. தமிழ்நாட்டுத் தரவு மையங்கள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே உள்ளன என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆகவே நிறுவனத்திடம் நகல் எடுப்பது பற்றி விவரமாகக் கேட்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? தளத்திற்குள் தீய நிரல் புகுந்தது சில வாரங்கள் கழித்தே தெரியவரும். மூன்று நாள் நகல் மட்டும் இருந்தால் எல்லா நகலிலும் நோய் இருக்கும். எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள்? திருப்பிப் போடத் தனிக் கட்டணமா? இவற்றுக்கு நல்ல விடை வந்தாலும், மாதம் ஒரு முறை நீங்களே முழு நகலை இறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். விதைநெல்லை முழுதும் ஒரே குதிரில் வைக்காத வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆண்டிற்கு ஒரு முறையாவது அந்த நகலிலிருந்து தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். முளைப்புத்திறன் பார்க்காத விதையும், திறந்து பார்க்காத நகலும் ஒன்றுதான்.

விலைப்பட்டியல்

"மாதம் 69 ரூபாய்" என்பது போன்ற விளம்பரத்தைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டிற்கு மொத்தமாகக் கட்டினால் அந்த விலை? பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டிற்கு இருக்கும். புதுப்பிக்கும்போது என்ன விலை? இரண்டு மூன்று மடங்கு ஆவது வழக்கம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, சேராததா?

பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்காத கூடுதல் சேவைகள் டிக் செய்யப்பட்டு நிற்கும். கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, விலையைத் துண்டு துண்டாகக் காட்டுவது, விலக முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் தடை செய்துள்ளது. தடை இருந்தாலும் கண்ணைத் திறந்து வைத்திருப்பது நம் பொறுப்பு. முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியே பெருந்தொகை கேட்பவரிடம், ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகவே வழங்குகிறது; நல்ல நிறுவனங்கள் தாமே பொருத்தித் தருகின்றன. இந்தச் சான்றிதழ் இல்லாத தளத்தைப் பாதுகாப்பற்றது என்று உலாவியே வாங்குவோருக்கு எச்சரித்துவிடும்.

"இடம் எடுத்தால் பெயர் இலவசம்" என்பதும் உண்டு. வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் விலகும்போது பெயர் உங்களோடு வருமா என்பதை எழுத்தில் பெறுங்கள். என் விருப்பம் வேறு: பெயரை ஒரு பதிவாளரிடமும், இடத்தை வேறொரு நிறுவனத்திடமும் வையுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகலாம். வாடகைத் தகராறு வந்தாலும் பெயர் மாட்டிக்கொள்ளாது. பெயருக்கு ஐந்து ஆண்டு சேர்த்துக் கட்டுங்கள். இடத்திற்கு ஓர் ஆண்டிற்கு மேல் கட்ட வேண்டாம். விளம்பரமோ இதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்லும்.

யார் சொல்வதைக் கேட்பது?

"சிறந்த பத்து நிறுவனங்கள்" என்று பட்டியலிடும் தளங்களும் காணொளிகளும் ஏராளம். அவற்றில் பல, தங்கள் இணைப்பை அழுத்தி நீங்கள் வாங்கினால் நிறுவனத்திடம் தரகு பெறுபவை. மாட்டுத் தரகர் சொல்வதை எப்படிக் கேட்போமோ அப்படிக் கேட்க வேண்டும். முழுதும் பொய் என்று தள்ளவும் வேண்டாம்.

நிறுவனத்தை நீங்களே சோதிக்க வழிகள் உள்ளன. அதன் ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்திலும், நிறுவனப் பெயரை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும் தேடிப் பாருங்கள். அவர்களுடைய தளப் பெயர் என்று பதியப்பட்டது என்பதை ஹூஇஸில் பாருங்கள். "இருபது ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் நிறுவனத்தின் பெயர் சென்ற ஆண்டு பதியப்பட்டிருந்தால் யோசிக்க வேண்டும். கடந்த தடைகளைப் பற்றிய விவரத்தை அவர்கள் பொதுவில் வெளியிடுகிறார்களா என்றும் கவனியுங்கள். பெரிய பெயர் என்பதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. உலகப் பெரும் பதிவாளரான கோடாடி, தன் வேர்ட்பிரஸ் சேவையில் ஏறத்தாழ 12 இலட்சம் வாடிக்கையாளரின் விவரங்கள் வெளியாரிடம் சிக்கியதை 2021 நவம்பரில் அறிவித்தது. ஊடுருவல் தொடங்கியது செப்டம்பரில். ஆகவே தளத்திற்கென்று தனிக் கடவுச்சொல் வையுங்கள், வங்கிக்கு வைத்ததை இங்கே வைக்காதீர்கள்; இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பணம் கட்டும் முன், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஓர் ஆண்டு கழித்து நான் வேறு நிறுவனத்திற்கு மாற விரும்பினால் என் கோப்புகளையும் தரவுகளையும் எடுத்துச் செல்லும் முறை என்ன, கட்டணம் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். திங்கள் மாலைக்குள் ஒரு மனிதர், கேட்ட கேள்விக்கு நேரான விடை எழுதியிருந்தால் அந்த நிறுவனத்தைப் பட்டியலில் வைக்கலாம். "எங்களை விட்டு ஏன் போக வேண்டும்?" என்று மட்டும் வந்தால் வேறிடம் பாருங்கள். அந்த விடையை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்வதும் பின்னால் பயன்படும்.

இடம் மாறுதல்

தளத்தை மாற்றுவது நாற்றுப் பிடுங்கி நடுவது போன்றது. நேரம் பார்க்க வேண்டும். மாம்பழக் குழு ஐப்பசி, கார்த்திகையில் மாறலாம். மஞ்சள் விற்போர் தை முதல் பங்குனி வரை மாறவே கூடாது. முதலில் முழு நகலை இறக்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் தளத்தை நிறுவி, எல்லாப் பக்கமும் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். பிறகே பெயரைப் புதிய இடத்தை நோக்கித் திருப்ப வேண்டும். இம்மாற்றம் உலகெங்கும் பரவச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை ஆகலாம். அதுவரை, இயன்றால் ஒரு மாதம் வரை, பழைய இடத்தையும் வைத்திருங்கள்.

பெயரையே வேறு பதிவாளருக்கு மாற்ற வேண்டுமானால், பூட்டை நீக்கி, மாற்றுக் குறியீடு என்னும் இரகசிய எண்ணைப் பழைய பதிவாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். டாட் காம் பெயர்களைப் பதிந்த முதல் 60 நாட்களுக்குள் பொதுவாக மாற்ற இயலாது. காலாவதி நெருங்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். பணமே மோசடியாகப் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் சேவை வாங்கும் தனி உழவரை நுகர்வோராகச் சட்டம் ஏற்கிறது. நிறுவனமாகப் பதிவு செய்த குழு வணிக நோக்கில் வாங்கியதாகக் கருதப்படக்கூடும் என்பதால் முன்கூட்டியே வழக்கறிஞரைக் கேட்பது நலம். பிறர் கைக்குப் போன டாட் இன் பெயரை மீட்க நிக்சியிடம் நடுவர் தீர்வு முறை உண்டு. ஆனால் வணிகச் சின்னம் பதியாத சிறு குழுவிற்கு அது எளிய வழி அன்று.

வாழப்பாடிப் பக்கத்துக் குழு அடுத்த தைப்பொங்கலுக்கு முன்னரே புதிய பெயர் ஒன்றைத் தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே பதிந்தது. கடவுச்சொல், பதிவாளர் விவரம், காலாவதி நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, மின் இணைப்பு அட்டையோடு அலுவலகப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தலைவர், செயலாளர் இருவரும் இருந்தால்தான் உறையைப் பிரிக்கலாம். தளத்தை வடிவமைக்க இம்முறையும் ஓர் இளைஞர்தான் வந்தார். அவருக்கு வேலை செய்யத் தனிக் கணக்குக் கொடுத்து, முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். பழைய பெயர் அச்சடித்த பெட்டிகள் இன்னும் சில நூறு மிச்சம் இருக்கின்றன. பிரித்து விரித்து, கொட்டகையில் தீவன மூட்டைகளுக்கு அடியில் போட்டிருக்கிறார்கள்.